சிமென்ட்டின் கரியமில வாயு எங்கிருந்து வருகிறது?

பசுமைக் கட்டடம் என்றதும் கூரையில் சூரியத் தகடும், அறைக்கு அறை எல்இடி விளக்கும்தான் நினைவுக்கு வரும். அவையும் தேவைதான். ஆனால் ஆள் குடியேறும் முன்பே, சிமென்ட்டும் கம்பியும் தயாரானபோதே, அந்தக் கட்டடத்தின் பேரில் ஏகப்பட்ட கரியமில வாயு காற்றில் கலந்திருக்கும். மனிதர்கள் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறக்குறைய 7 முதல் 8 சதவீதம் சிமென்ட் தயாரிப்பிலிருந்து மட்டும் வருகிறது.

சூளையில் நிலக்கரி எரிக்கிறார்கள், அதனால்தானே? அது பாதிகூட இல்லை. சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் அரைத்து, சுழலும் சூளையில் சுமார் 1450 டிகிரி செல்சியஸ் வரை சுடுகிறார்கள். அந்த உச்சத்துக்குப் போகும் வழியிலேயே, 900 டிகிரியை ஒட்டி, சுண்ணாம்புக்கல் பிரிந்துவிடுகிறது. கால்சியம் ஆக்சைடு தங்கும், கரியமில வாயு வெளியேறும். தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோ போட்டால் அதில் 44 கிலோ வாயுவாகப் போய்விடும்! சிமென்ட் தயாரிப்பில் வெளியேறும் கரியமில வாயுவில் சுமார் 60 சதவீதம் இப்படிக் கல்லுக்குள்ளிருந்து வருவதுதான். சூளையை முழுக்கச் சூரிய மின்சாரத்தில் ஓட்டினாலும் இந்தப் பங்கு குறையாது.

சரி, பிறகு என்னதான் வழி? சூளையிலிருந்து உருண்டை உருண்டையாக வெளிவரும் பொருளுக்குக் கிளிங்கர் என்று பெயர். அதைக் கொஞ்சம் ஜிப்சத்தோடு அரைத்தால் சாதாரண சிமென்ட். அந்தக் கிளிங்கரின் அளவைக் குறைப்பதுதான் வழி. அனல்மின் நிலையச் சாம்பல், இரும்பு உலைக் கசடு இரண்டும் இதற்கு நெடுங்காலமாகப் பயன்படுகின்றன. சிமென்ட்டில் தண்ணீர் சேரும்போது சுண்ணாம்பு உபரியாக உண்டாகும். சாம்பலில் உள்ள சிலிக்கா அதோடு சேர்ந்து, கான்கிரீட்டைப் பிடித்து நிறுத்தும் அதே பசையை மேலும் உருவாக்குகிறது.

ஆனால் நிலக்கரி குறையக் குறையச் சாம்பலும் குறையும். அதனால் எல்சி3 என்ற கலவை எனக்கு அதிக நம்பிக்கை தருகிறது. சுவிட்சர்லாந்து, கியூபா, இந்திய ஆய்வாளர்கள் சேர்ந்து உருவாக்கியது இது. கயோலின் என்ற வெண்ணிறத் தாது நிறைந்த களிமண்ணை 700 முதல் 850 டிகிரியில் சுட்டு, சுடாத சுண்ணாம்புக்கல் பொடியோடு கிளிங்கரில் சேர்க்கிறார்கள். களிமண்ணைச் சுட்டால் அதிலிருந்து பிரிவது வெறும் நீராவி. கிளிங்கர் பாதியாகிவிடுவதால் கரியமில வாயு 30 முதல் 40 சதவீதம் வரை குறைகிறது.

இத்தகைய கலவைகளில் பலவும், குறிப்பாகச் சாம்பல் கலந்தவை, ஆரம்பத்தில் மெதுவாகத்தான் வலுவடையும். கூடுதல் நாள் தண்ணீர் ஊற்றி ஈரமாக வைத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு முட்டுப் பலகையைப் பிரிக்கக் கூடாது. கட்டுமானப் பொறியாளர் கான்கிரீட்டின் வலிமையை, அதைப் போட்ட 28ஆம் நாளில் பார்ப்பதற்குப் பதில், அவசரமில்லாத அடித்தளம் போன்ற இடங்களில் 56ஆம் நாளில் பார்க்கலாம்.

அப்புறம், வரைபடத்திலேயே மிச்சப்படுத்த நிறைய இருக்கிறது. தூண்களைச் சற்று நெருக்கி வைத்தால் தளத்தின் தடிமன் குறையும். பழைய கட்டடத்தின் தூணும் தளமும் உறுதியாக இருந்தால், இடிக்காமல் அதையே மாற்றி அமைக்கலாம். அவற்றுக்கான கிளிங்கரைப் புதிதாகச் சுட வேண்டியதே இல்லை.