நிய்யத்து: எண்ணமா, நோக்கமா?

ரமலான் இரவுகளில் தராவீஹ் தொழுகை முடிந்ததும் எங்கள் பள்ளிவாசலில் ஹஜ்ரத் (தொழுகை நடத்தி, ஓதிக்கொடுப்பவர்) நோன்பு நிய்யத்தை, அதாவது நோன்பு பிடிக்கக் கருதுவதைச் சொல்லும் வாசகத்தைச் சொல்லிக்கொடுப்பார். "நவைத்து ஸவ்ம கதின்..." என்று அவர் துண்டு துண்டாகச் சொல்ல, வரிசையில் இருப்பவர்கள் திருப்பிச் சொல்வார்கள். பிறகு தமிழில்: "இந்த வருடத்து ரமலான் மாதத்தின் ஃபர்ளான (கட்டாயமான) நோன்பை அதாவாக (உரிய காலத்திலேயே) நாளைப் பிடிக்க நிய்யத்துச் செய்கிறேன், அல்லாஹ்வுக்காக." சிறுவனாக இருந்தபோது இதை ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு வீட்டுக்கு ஓடுவேன். அரபியில் முதலில் வரும் 'நவைத்து'வும் தமிழில் வரும் 'நிய்யத்து'வும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது வெகு காலம் எனக்குத் தெரியாது. நவைத்து என்றால் 'நிய்யத்துக் கொண்டேன்' என்றுதான் பொருள்.

அந்த வேர் நூன், வாவ், யா என்ற மூன்று எழுத்துகளால் ஆனது. அதிலிருந்து பிறந்த இன்னொரு சொல் 'நவாத்'. பேரீச்சம்பழத்தின் கொட்டைக்கு அரபியர் வைத்த பெயர் அது. இன்றைய அரபியில் அணுக்கருவுக்கும் அதே பெயர்தான். பழைய அரபு அகராதிகள் இதே வேருக்கு மற்றொரு பொருளையும் தருகின்றன: பயணி ஒருவன் போகக் கருதிய திசை, அவன் சென்று சேர நினைக்கும் இடம். பாலையில் ஒட்டகத்தை எந்தப் பக்கம் திருப்புகிறானோ அதுவே அவனுடைய நிய்யா.

அரபியில் தனியாக நிறுத்தி உச்சரித்தால் 'நிய்யா'தான். பாரசீகத்திலும் உருதிலும் ஈற்றுத் தகரம் நிலைத்து 'நிய்யத்', 'நீயத்' என்று வழங்குகிறது. தமிழ் முஸ்லிம்கள் அதற்கு ஓர் உகரம் சேர்த்து, பரக்கத்து, மவுத்து போல, நிய்யத்து ஆக்கிக்கொண்டார்கள். மலாயில் அது 'நியாத்', துருக்கியில் 'நியெத்'.

இஸ்லாமியச் சட்ட மரபுகளான மத்ஹபுகளுள் ஒன்று ஷாஃபிஈ. அதன் சட்ட நூல்கள் நிய்யத்துக்குக் கொடுக்கும் விளக்கம் சுருக்கமானது: ஒன்றைச் செய்யக் கருதுவது, அதுவும் செயலோடு சேர்ந்தே கருதுவது. முந்திக் கருதினால் அதற்குப் பெயர் 'அஸ்ம்', அதாவது தீர்மானம். 'அடுத்த வருடம் ஹஜ்ஜுக்குப் போவேன்' என்பது அஸ்ம். இஹ்ராம் கட்டி ஹஜ்ஜைத் தொடங்கும்போது உள்ளத்தில் கொள்வது நிய்யத்து. நோன்பு இதற்கு விலக்கு. வைகறை புலரும் நொடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க யாராலும் முடியாது என்பதால் நோன்புக்கு முந்தைய இரவே நிய்யத்து வைக்கிறார்கள். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களின் ஷாஃபிஈகளுக்கு ஒவ்வோர் இரவும் அது கட்டாயம். இன்னொரு மத்ஹபான ஹனஃபியைச் சேர்ந்த எங்கள் ராவுத்தர் வீடுகளில் மறந்துவிட்டாலும் ரமலான் நோன்புக்குப் பகலின் பாதி கழியும் முன் வைத்துக்கொள்ளலாம். நிய்யத்தின் இடம் உள்ளம் என்பதில் எல்லா மத்ஹபுகளுக்கும் ஒரே கருத்து. அதை நாவாலும் சொல்ல வேண்டுமா என்பதில்தான் வேறுபாடு. உள்ளம் ஒருமிக்கச் சொல் உதவும் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். நபிகளார் அப்படிச் சொல்லிக்காட்டவில்லை என்று மறு சாரார் மறுக்கிறார்கள்.

இனி, தமிழில் எந்தச் சொல்? பெரும்பாலோர் எழுதுவது 'எண்ணம்'. புகாரி தொகுப்பின் முதல் ஹதீஸும், உமர் (ரலி) அறிவிப்பதுமான நபிமொழியை "செயல்கள் அனைத்தும் எண்ணங்களைப் பொறுத்தே அமைகின்றன" என்று மொழிபெயர்க்கிறோம். எனக்கு இது நிறைவு தரவில்லை. எண்ணம் தானாகவும் வரும், வந்த வழியே போகவும் செய்யும். நிய்யத்தை நாம்தான் கொள்ள வேண்டும். "எண்ணித் துணிக கருமம்" என்ற குறளில் எண்ணுவது வேறு, துணிவது வேறு. நிய்யத்து துணிதலுக்கே நெருக்கம். ஆனால் இன்று துணிவு என்றால் வீரம் என்றுதான் படிப்பவர் நினைப்பார். 'நாட்டம்' அழகான சொல், ஆனால் அதை இறைவனுக்குக் கொடுத்துவிட்டோம். 'அல்லாஹ் நாடினால்' என்று நாளும் சொல்கிற வாய்க்கு, மனிதனின் நிய்யத்தையும் நாட்டம் என்று சொல்ல வராது. 'நேர்ச்சை' முற்றிலும் வேறு. அது 'நத்ர்'. வாயால் நேர்ந்துவிட்டால் கடன் ஏறிவிடும். வெறும் நிய்யத்தால் கடன் ஏறாது.

நான் தேர்வது 'நோக்கம்'. நோக்கு என்றால் கண்ணைத் திருப்புவது. 'மதுரை நோக்கிச் செல்லும் பஸ்' என்கிறோமே, அந்த நோக்கிதான் அரபுப் பயணியின் நிய்யா. அதே ஹதீஸின் அடுத்த பகுதியும் பயணத்தைப் பற்றியதுதான். ஒருவர் அல்லாஹ்வையும் தூதரையும் நோக்கி ஹிஜ்ரத் (ஊர் துறந்து குடிபெயர்தல்) செல்கிறார், இன்னொருவர் உலக ஆதாயத்தையோ மணக்க விரும்பும் பெண்ணையோ நோக்கிச் செல்கிறார். நடந்த பாதை ஒன்று, நோக்கிய இடம் வேறு. ஆனால் தொழுகை, நோன்புச் சட்டம் எழுதும்போது நிய்யத்து என்றே விட்டுவிடுவது நல்லது. 'செயலோடு சேர்ந்த' என்ற நுட்பத்தை நோக்கம் தாங்காது.

இந்தச் சொல்லை எனக்குக் கற்றுக்கொடுத்தது எங்கள் நன்னி (பாட்டி). மதரஸாவுக்குக் கிளம்பும்போது தொப்பியைச் சரிசெய்துவிட்டு, "என்ன நிய்யத்தில் ஓதப்போகிறாய்?" என்று கேட்பார். ஹஜ்ரத் அடிப்பார் என்பதால் போகிறேன் என்று ஒருநாள் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "வாசலைத் தாண்டுவதற்குள் மாற்றிக்கொள்" என்றார். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோருக்கு ஒரு நிய்யத்து இருக்கும். ஓதுகிற பிள்ளைக்கும் சொந்தமாக ஒன்று வேண்டும். மார்க்கக் கல்வியில் நாம் பெரும்பாலும் விட்டுவிடுவது இந்த இரண்டாவதைத்தான் என்பது என் ஆழ்ந்த கவலை. சூராக்களை ஒப்பிக்க வைக்கிறோம், எதை நோக்கி என்று கேட்பதில்லை.

அன்றாட வேலையை வணக்கத்திலிருந்து பிரிப்பது நிய்யத்து என்பார்கள் சட்ட அறிஞர்கள். வெயிலுக்காகக் குளிப்பதற்கும் ஜும்ஆவுக்காகக் குளிப்பதற்கும் தண்ணீரில் வேறுபாடு இல்லை. அன்றாட வேலையையே நிய்யத்து வணக்கமாகவும் ஆக்கும். இறைவனின் திருப்தியை நாடிச் செய்யும் எந்தச் செலவுக்கும் கூலி உண்டு, மனைவியின் வாயில் ஊட்டும் கவளத்துக்கும் உண்டு என்று நபிகளார் ஸஅத் இப்னு அபீவக்காஸிடம் (ரலி) சொன்னார்கள். என் அத்தா கடையைத் திறக்கும்போது, "பிள்ளைகளுக்கு ஹலாலான சோறு, அந்த நிய்யத்து" என்று முணுமுணுத்தபடியே பூட்டில் சாவியைப் போடுவார்.

நிய்யத்தைச் செய்கிறோம், கொள்கிறோம் என்றும் சொல்வதுண்டு. வீட்டுப் பேச்சில் அதிகம் வருவது 'வைத்தல்'. நன்னி ஹஜ்ஜுக்கு நிய்யத்து வைத்திருந்தார், அஸ்ம் என்ற சொல் அவருக்குத் தெரியாது. அரிசிப் பானைக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டின்னும் வைத்திருந்தார். அதிலிருந்த பணத்தை எங்கள் வீட்டில் யாரும் 'ஹஜ் பணம்' என்று சொன்னதில்லை. அதன் பெயர் 'நன்னியின் நிய்யத்து'.