பழைய ஜீப்புக்கு வேறு இன்ஜின்: மோட்டார் வாகனச் சட்டம் எதை அனுமதிக்கிறது?

சிஜே3பி, எம்எம்540, ராணுவ ஏலத்தில் எடுத்த ஜோங்கா என்று பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி வைத்திருக்கும் எவருக்கும் ஒரு கட்டத்தில் இன்ஜினை மாற்றிவிடலாமா என்று தோன்றும். நியாயமான ஆசைதான். சிஜே3பி-யில் வந்த ஹரிகேன் பெட்ரோல் இன்ஜின் 2.2 லிட்டர், 75 குதிரைத்திறன் எல்லைக்குள்தான் நிற்கும். ஜோங்காவின் ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் ஏறக்குறைய 4 லிட்டர். பெட்ரோல் போட்டுக் கட்டுப்படியாகாமல் டீசலுக்கு மாறியவர்கள் பலர். இன்ஜினை ஏற்றித் தரும் மெக்கானிக்கும் எளிதில் கிடைக்கிறார். ஆனால் மாற்றிய பிறகு அந்த வண்டியைச் சட்டப்படி சாலையில் ஓட்ட முடியுமா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. பானெட்டைத் திறப்பதற்கு முன்பே இதை முடிவு செய்துகொள்ளுங்கள்.

இதற்கான விதி 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவில் இருக்கிறது. தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி.யில் (பதிவுச் சான்றிதழில்) உள்ள விவரங்கள் மாறுபடும்படி எந்த உரிமையாளரும் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. 2000-இல் வந்த திருத்தத்துக்குப் பின்புதான் இந்த வாசகம். அதற்கு முன்பு பதிவு அதிகாரிக்கு எழுதிக் கொடுத்து, அவர் அனுமதி தந்தால் போதும் என்ற நிலை இருந்தது. அந்தக் காலத்தில் பெட்ரோல் ஜீப்பை டீசலாக மாற்றி ஆர்.சி.யிலும் முறையாக ஏற்றிய வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. 'அவர் வண்டியில் மாற்றியிருக்கிறாரே, எனக்கு மட்டும் ஏன் கூடாது' என்று கேட்பவர்கள் அந்த மாற்றம் எந்த ஆண்டு பதிவானது என்று பார்த்தால் பாதி பதில் கிடைத்துவிடும்.

திருத்தத்துக்குப் பிறகும் மாநில விதிகளைக் காட்டி மாற்றங்களை அனுமதிக்கலாமா என்ற கேள்வி, கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. 2019 ஜனவரியில் வந்த தீர்ப்பு, தயாரிப்பாளரின் மூல விவரங்களுக்கு மாறான மாற்றத்தைப் பதிவு செய்ய முடியாது என்று 52-வது பிரிவை அப்படியே உறுதி செய்தது. அதே ஆண்டு சட்டத்தில் சேர்ந்த 182ஏ பிரிவு தண்டனையையும் தெளிவாக்கியது. அனுமதியில்லாமல் வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ₹5,000 அபராதம், அல்லது இரண்டும். 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்' என்பதைக் கவனியுங்கள்.

சரி, இன்ஜினே மாற்ற முடியாதா? முடியும். பழைய இன்ஜின் சரிசெய்ய முடியாதபடி போய்விட்டால், அதே தயாரிப்பு, அதே வகை இன்ஜினைப் பொருத்துவதுதான் பாதுகாப்பான வழி. ஹரிகேனுக்குப் பதில் இன்னொரு ஹரிகேன். எம்எம்540-இல் வந்த 2,112 சிசி பியூஜோ டீசலுக்குப் பதில் இன்னொரு பியூஜோ. இங்கே மாறுவது இன்ஜின் எண் மட்டும். எரிபொருள், கன அளவு (சிசி), சிலிண்டர் எண்ணிக்கை எல்லாம் ஆர்.சி.யில் உள்ளபடியே இருக்கும். எண் மாறியதையும் பதிவு செய்தாக வேண்டும். மாற்றம் செய்த பதினான்கு நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்து, ஆர்.சி.யையும் கட்டணத்தையும் செலுத்த வேண்டும் என்பது 52-வது பிரிவிலேயே இருக்கிறது. வேலையைத் தொடங்கும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள் என்பேன். புது இன்ஜினின் எண் தெளிவாக அச்சான பில், பழைய இன்ஜின் என்ன ஆனது என்பதற்கான சான்று, காப்பீடு, புகைச் சான்று எல்லாம் கையில் இருக்கட்டும். வண்டி மேல் கடன் இருந்தால் நிதி நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் கட்டாயம். மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்த்து, எண்ணைச் சரிபார்ப்பார். பில் இல்லாமல் பழைய இரும்புக் கடையில் வாங்கிய இன்ஜின் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்ளும். அது திருட்டு வண்டியிலிருந்து எடுத்தது அல்ல என்று காட்ட உங்களிடம் எதுவும் இருக்காது.

எரிபொருளை மாற்றுவதற்குச் சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு. சிஎன்ஜி, எல்பிஜி, பேட்டரி போன்றவற்றில் ஓடும்படி மாற்றும் கிட்டைப் பொருத்தலாம். அந்தக் கிட் உங்கள் வண்டிக்கென அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு வேறு கம்பெனியின் டர்போ டீசலை ஏற்றுவதை இந்த விலக்கின் கீழ் கொண்டுவர முடியாது. பலரும் இங்கேதான் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்.

கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துத் தரும் பெட்டி), ஆக்ஸில் விஷயம் கொஞ்சம் வேறு. ஆர்.சி.யில் கியர் விகிதத்துக்கோ ஆக்ஸில் விகிதத்துக்கோ தனிக் கட்டம் கிடையாது. அதனால் இவற்றைச் சட்டம் கண்டுகொள்ளாது என்று ஒரு நினைப்பு பரவியிருக்கிறது. அது தவறு. வண்டியின் அடிப்படை அம்சத்தை மாற்றும் கட்டமைப்பு மாற்றம் எதுவும் சட்டத்தின் பார்வையில் மாற்றம்தான். 182ஏ பிரிவு உதிரிபாகங்களைப் பொருத்துவதையும் சேர்த்தே சொல்கிறது. தேய்ந்த கியருக்கு அதே கியர், உடைந்த ஆக்ஸிலுக்கு அதே ஆக்ஸில் போடுவது பழுதுபார்ப்பு, அதில் சிக்கல் இல்லை. சேஸியை வெட்டி, அதன் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பரை நகர்த்தி, வேறு வண்டியின் கியர்பாக்ஸை உட்கார வைப்பது அப்படியல்ல.

சட்டத்தைத் தாண்டி இதில் ஒரு பாதுகாப்புக் காரணமும் இருக்கிறது. சிஜே3பி-யின் மூன்று கியர் டி-90 பெட்டியும் 5.38 விகித ஆக்ஸிலும் அந்தச் சிறிய பெட்ரோல் இன்ஜினின் இழுவைக்காகக் கட்டப்பட்டவை. அதன் மேல் இரண்டு மடங்கு டார்க் (சுழற்றும் விசை) தரும் டீசலைப் போட்டால் கியர் பற்களும் ஆக்ஸில் ஷாஃப்டும் தாங்காது. கூடும் வேகத்துக்கு டிரம் பிரேக்கும் ஈடுகொடுக்காது. மலைச்சரிவில் இறங்கும்போது அதன் விலை உயிராக இருக்கலாம்.

ஐம்பது வயது தாண்டிய வண்டிக்கு

2021 ஜூலையில் மத்திய அரசு மத்திய மோட்டார் வாகன விதிகளில் விண்டேஜ் வண்டிகளுக்கெனத் தனிப் பதிவு முறையைச் சேர்த்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, சொந்த உபயோகத்துக்கான இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு இது பொருந்தும். புதுப் பதிவுக்கு ₹20,000, பத்தாண்டு செல்லும்; அப்புறம் மறுபதிவுக்கு ₹5,000. புதிதாகப் பதிவாகும் வண்டிக்கு மாநில எழுத்துக்குப் பின் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். கண்காட்சி, விண்டேஜ் ரேலி, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே ஓட்டலாம். அன்றாடம் ஓட்டக் கூடாது.

இந்தச் சலுகைக்கு முக்கியமான நிபந்தனை ஒன்று இருக்கிறது. வண்டி மூல வடிவத்தில் இருக்க வேண்டும். சேஸி, பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. 1960-களின் வில்லிஸ் வகை ஜீப்பில் நேற்று நவீன டீசலை ஏற்றியிருந்தால் இந்தப் பதிவுக்கான தகுதி போய்விடும். அந்த வயது வண்டி உங்களிடம் இருந்தால், பழைய இன்ஜினையே மறு போரிங் செய்து, அதே வகை பிஸ்டன் போட்டு உயிர்ப்பியுங்கள். காசு கூடுதலாகலாம், ஆனால் வண்டியின் மதிப்பும் தகுதியும் கெடாது.

முழுக்க மாற்றிய வண்டிதான் வேண்டும், காட்டுப்பாதைப் போட்டிக்குத்தான் என்றால் அதைப் பொதுச்சாலையில் இறக்காதீர்கள். தனியார் நிலத்தில் மட்டும் ஓட்டி, போட்டி நடக்கும் இடத்துக்கு டிரெய்லரில் ஏற்றிப் போவதுதான் வழி.

காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்காமல் இன்ஜினை மாற்றியிருந்தால், விபத்துக்குப் பின் உங்கள் வண்டியின் சேதத்துக்கான கோரிக்கையை அவர்கள் மறுக்க இடம் உண்டு. ஆர்.சி. திருத்தம் முடிந்ததும் பாலிசியிலும் புது எண்ணை ஏற்றச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே மாற்றிய ஜீப்பை வாங்குகிறவர்கள், இன்ஜின் பிளாக்கில் உள்ள எண்ணையும் சேஸி எண்ணையும் துடைத்துப் படித்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். எரிபொருள், கன அளவு கட்டங்களையும் பாருங்கள். ஒன்று ஒத்துவராவிட்டாலும், விற்பவர் தம் பெயரிலேயே அதைச் சரிசெய்து தரும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.