பின்னி நிற்பவை இரண்டும் ஆண் பாம்புகள்

கோடை பிறந்ததும் இந்த அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். "டாக்டருங்களா? தோப்புக்குள்ள சாரையும் நாகமும் பின்னிக்கிட்டு நிக்குதுங்க. ஊரே கூடிப்போச்சு, என்ன பண்றதுங்க?" அழைப்பவர் சில சமயம் பக்தியோடு கேட்பார், சில சமயம் பயத்தோடு. பின்னாலேயே ஒரு காணொளி வந்து சேரும். நீளமான பாம்புகள் இரண்டு முன்னுடலைத் தரையிலிருந்து தூக்கி, ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு எழும், சரியும், மறுபடி எழும். சுற்றிலும் கைபேசியை நீட்டிய கைகள். யாரோ ஒருவர் புது வேட்டியை உதறி அவற்றின்மேல் போர்த்தத் தயாராக நிற்பார்.

காட்டுயிர் மருத்துவராக மேற்கு மாவட்டங்களில் வேலை செய்யும் நான் அப்போது முதலில் சொல்வது இதைத்தான்: அவை இரண்டும் சாரை. இரண்டுமே ஆண். அங்கே நடப்பது இணைசேர்தல் அல்ல, சண்டை.

பெரும்பாலோர் உடனே நம்புவதில்லை. காணொளியை மறுபடி போட்டுத் தலைகளை மட்டும் கவனியுங்கள் என்பேன். ஒவ்வொரு பாம்பும் தன் தலையை மற்றதன் தலைக்கு மேலே கொண்டுபோகப் பார்க்கும். மேலே போனதும் கழுத்தால் அழுத்தி எதிரியைத் தரையில் சாய்க்கும். சாய்ந்தது நெளிந்து விடுபட்டு, தான் மேலே ஏறப் பார்க்கும். பொதுவாகக் கடித்துக்கொள்வதில்லை. யாருக்கு உடல்வலு அதிகம் என்பதை இந்த அழுத்தலிலேயே தீர்த்துக்கொள்கின்றன. சில நிமிடங்களில் முடிவதும் உண்டு, ஒரு மணி நேரம் இழுப்பதும் உண்டு. கடைசியில் ஒன்று தலையைத் தாழ்த்தி விலகி ஓடும்.

இந்தச் சண்டை பெண்ணுக்காக. இனப்பெருக்கக் காலத்தில் பெண் சாரை ஊர்ந்த தடத்தில் அதன் தோலிலிருந்து வரும் வேதிப்பொருள்கள் படிந்திருக்கும். ஆண் பாம்பு நாக்கை நீட்டி நீட்டி அவற்றை எடுத்து, மேலண்ணத்தில் உள்ள ஜேக்கப்சன் உறுப்பில் சேர்த்து, தடம் பிடித்து வரும். ஒரே தடத்தில் இரண்டு ஆண்கள் வந்து சந்தித்தால் மோதல். அதனால் பல நேரங்களில் பக்கத்துப் புதரிலோ வரப்பு வளையிலோ பெண் பாம்பு படுத்திருக்க வாய்ப்பு உண்டு. கூட்டத்தில் ஒருவருக்கும் அது கண்ணில் படாது. இரண்டு பாம்பைச் சுற்றி நிற்கிறோம் என்று நினைத்துக்கொண்டு மூன்றாவது பாம்பின்மேல் கால் வைக்கக்கூடிய இடத்தில்தான் ஊர் நிற்கிறது.

ஆண்கள் இப்படி மல்லுக்கு நிற்கும் பாம்பு இனங்களில் உடல்வாகும் அதற்கேற்ப அமைந்திருக்கிறது. பாம்புகளில் பொதுவாகப் பெண்தான் பெரிது. நிறைய முட்டையைச் சுமக்கப் பெரிய உடல் வேண்டும். ஆனால் ஆண்கள் சண்டையிடும் இனங்களில் ஆண் பெண்ணுக்குச் சமமாகவோ பெரிதாகவோ இருப்பது வழக்கம் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர் ரிச்சர்ட் ஷைன் 1978இல் பல இனங்களை ஒப்பிட்டுக் காட்டினார். சாரையிலும் ஆண்தான் பெரிதாக வளர்கிறது. இரண்டு மீட்டரைத் தாண்டிய சாரையைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அநேகமாக ஆண் என்றே எதிர்பார்ப்பேன். வாலின் அடிப்பகுதி தடித்து, வாலும் நீண்டிருந்தால் அது உறுதியாகும்.

சரி, ஒன்று மஞ்சளாகவும் இன்னொன்று கறுப்பாகவும் இருந்ததே, அது எப்படி ஒரே இனம் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. சாரையில் வைக்கோல் மஞ்சளும் உண்டு, பழுப்பும் உண்டு, கருஞ்சாரையும் உண்டு. நல்ல பாம்பிலும் இதே அளவுக்கு நிறம் மாறும். ஆகவே நிறத்தை விட்டுவிட்டு உடலைப் பார்க்க வேண்டும். சாரைக்குப் பெரிய கண், ஒடுங்கிய கழுத்து, உதட்டுச் செதில்களுக்கிடையே கறுப்புக் கோடுகள், உடலின் பின்பாதியில் கறுப்புப் பட்டைகள். படம் எடுக்காது.

சாரை நாகத்தின் ஆண் என்ற நம்பிக்கை நம் ஊர்களில் ஆழமாக வேரூன்றிய ஒன்று. அரசும் வேம்பும் சேர்ந்து நிற்கும் மேடையில் பின்னிய இரு பாம்புகளைக் கல்லில் வடித்து வைத்து வணங்குகிறோம். அந்த வணக்கத்தில் எனக்கு மரியாதை உண்டு. பல பாம்புகள் அதனால் உயிர் பிழைத்ததையும் கண்டிருக்கிறேன். ஆனால் உயிரியல் வேறு. நல்ல பாம்பும் சாரையும் வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. முதலாவதற்கு நச்சுப் பல்லும் நச்சுச் சுரப்பியும் உண்டு, இரண்டாவது மனிதருக்கு நஞ்சில்லாதது. இரண்டுக்கும் கலப்பு நடப்பதில்லை. சாரையில் ஆணும் பெண்ணும் உண்டு, நாகத்திலும் அப்படியே.

இந்த நம்பிக்கையால் சாரைக்குத்தான் கேடு. 'ஒன்று நாகம்' என்று யாராவது சொல்லிவிட்டால் கம்பு தேடும் கைகள் இரண்டையும் சேர்த்தே அடிக்கும். சண்டையில் இருக்கும் பாம்பு ஆள் அரவத்தை அவ்வளவாகக் கவனிக்காது, அதனால் ஓடித் தப்பிக்கும் நேரத்தைத் தவறவிடும். எங்களிடம் கொண்டுவரப்படும் சாரைகளில் முதுகெலும்பு நொறுங்கியவை, விலா எலும்பு உடைந்து உள்ளே குத்தியவை பல. எக்ஸ்ரேயில் முறிவு தெரியும். முறிவுக்குக் கீழே உடல் அசையாது. அப்படிப்பட்ட பாம்பால் எலியைத் துரத்தவும் முடியாது, வளைக்குள் நுழையவும் முடியாது. மருந்து கொடுத்து, மாதக்கணக்கில் வைத்திருந்தும் திருப்பி விட முடியாமல் போனவற்றை நினைத்தால் இன்றும் மனம் ஆறுவதில்லை.

வேட்டி போர்த்துவதையும் சொல்ல வேண்டும். பாம்பு பின்னும்போது துணியைப் போட்டு எடுத்து வீட்டில் வைத்தால் செல்வம் சேரும், பிள்ளை வரம் கிடைக்கும் என்பார்கள். போடுகிறவர் பாம்புக்கு நான்கைந்து அடி தூரத்தில் நிற்கிறார். துணி விழுந்ததும் சண்டை கலைந்து, வெருண்ட பாம்பு எந்தப் பக்கம் பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது. சாரை என்றால் கடித்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, டிடி ஊசி போட்டுக்கொள்வதோடு போகும். ஆனால் நல்ல பாம்பின் ஆண்களும் இப்படிச் சண்டையிடும், கண்ணாடி விரியன் ஆண்களும் சண்டையிடும். கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து எட்டிப் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறக்கிறார்கள் என்று 2020இல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. 2024இல் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கை செய்யப்பட வேண்டிய நோயாக அறிவித்தது; அதாவது மருத்துவமனைகள் ஒவ்வொரு கடியையும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். இந்த அளவுக்குப் பெரிய ஆபத்தை ஒரு துணிக்காக அருகில் அழைத்துக்கொள்ள வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்கிறேன்.

அப்படியானால் உண்மையான இணைசேர்தல் எங்கே நடக்கிறது? அநேகமாக நம் கண்ணுக்குப் படாத இடத்தில், தரையோடு தரையாக. ஆண் பெண்ணின் முதுகின்மேல் நீளவாக்கில் படர்ந்து, தாடையால் அதன் முதுகைத் தேய்த்துக்கொண்டே கழுத்தை நோக்கி நகரும். உடலில் அவ்வப்போது ஒரு வெட்டு, ஒரு துடிப்பு. வாலைப் பெண்ணின் வாலோடு சுற்றி அடியில் கொண்டுவரும். இதற்குமேல் முடிவு பெண்ணின் கையில். அது வாலைத் தூக்கி இடம் கொடுத்தால்தான் கூடல். ஆண் பாம்புக்குப் பிறப்புறுப்பு இரண்டு உண்டு, ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பயன்படுத்தும். பல இனங்களில் அதன்மேல் சிறு முட்கள் இருப்பதால் சேர்ந்தபின் சட்டென்று பிரிய முடியாது; மணிக்கணக்கில் அப்படியே கிடக்கும். அந்நேரம் விரட்டினால் பெண், ஆணையும் இழுத்துக்கொண்டே ஊர்வதைப் பார்க்கலாம். வரப்பில் இரண்டு பாம்புகள் வால் பக்கம் மட்டும் ஒட்டி, தலைகள் தாழ்ந்து, சத்தமில்லாமல் கிடந்தால் அதுதான் இணைசேர்தல். கம்பால் பிரிக்க முயன்றால் இரண்டுக்கும் காயமாகும்.

பல பாம்பு இனங்களில் பெண்ணால் விந்தணுவை உடலுக்குள் மாதக்கணக்கில் சேமித்து வைக்கவும் முடியும். ஆண் துணையே இல்லாத கூண்டில் பாம்பு முட்டையிட்டது என்று வரும் செய்திகளில் பலவற்றுக்கு இதுதான் விளக்கம். இன்னொரு பக்கம், நம் பூந்தொட்டி மண்ணில் மண்புழு போல் நெளியும் குருட்டுப்பாம்பு இருக்கிறதே, அந்த இனத்தில் ஆணே கிடையாது. அத்தனையும் பெண், இணைசேராமலே இனம் பெருக்குகின்றன.

மேற்குத் தொடர்ச்சி மலையின் ராஜநாகத்தைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அங்கும் ஆண்கள் சாரைகளைப் போலவே எழுந்து நின்று மல்லுக்கட்டும். கர்நாடகத்தின் ஆகும்பே மழைக்காட்டில் இதை ஆண்டுக்கணக்கில் கவனித்திருக்கிறார்கள். ஏற்கெனவே வேறோர் ஆணோடு கூடிய பெண்ணை, பின்னால் வந்த ஆண் கொன்ற நிகழ்வும் அங்கே பதிவாகியிருக்கிறது. தப்பிய பெண், உடலை வளையமாக்கிச் சருகுகளை இழுத்துக் குவித்துக் கூடு கட்டும். பாம்பினங்களில் இப்படிக் கூடு கட்டுவது ராஜநாகம் மட்டுமே. பெருமழையிலும் உள்ளே முட்டைகள் நனையாத அளவுக்கு அந்தக் குவியல் இறுக்கமாக இருக்கும். அதன்மேலேயே காவல் கிடந்து, குஞ்சு பொரிக்கும் தறுவாயில் விலகிப் போய்விடும்.

'ஒன்றை அடித்தால் ஜோடி பழிவாங்க வரும்' என்ற பயத்துக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. பாம்புகள் ஜோடியாக வாழ்வதில்லை. கூடல் முடிந்ததும் ஆண் தன் வழியே போய்விடும். ஆனால் இனப்பெருக்கக் காலத்தில் பெண் பாம்பை வீட்டு வாசலில் அடித்தால், அதன் மணத்தடம் மண்ணில் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு ஆண் பாம்பு அதே வாசலுக்கு வரலாம். வருவது பழிவாங்க அல்ல.

"நீங்களே பிடிச்சுக்கிட்டுப் போயிருங்க டாக்டர்" என்பது அடுத்த வேண்டுகோள். வீட்டுக்குள் புகுந்த பாம்பு என்றால் தீயணைப்புத் துறையை 101இல் அழையுங்கள், அல்லது வனத்துறைக்குச் சொல்லுங்கள். தோப்பில் சண்டையிடும் சாரைக்கு அது தேவையில்லை. பிடித்துத் தொலைவில் விடப்படும் பாம்பு தண்ணீரும் வளையும் எங்கே என்று தெரியாமல் அலையும். சாலையில் அடிபடும், வேறு ஊரார் கையில் மாட்டும். சாரை போனால் தோப்பில் எலிக்குக் கொண்டாட்டம். குரும்பையைக் கடித்துப் போடும் எலிகளைப் பற்றி என்னிடம் புலம்பும் விவசாயியே சாரையைக் கொண்டுபோகச் சொல்வதுதான் எனக்கு வருத்தம். தோலுக்காக இந்த நாட்டில் மிக அதிகமாகக் கொல்லப்பட்ட பாம்புகளில் சாரையும் ஒன்று. 1972இன் வனவுயிர் பாதுகாப்புச் சட்டமும், 1976இல் வந்த பாம்புத்தோல் ஏற்றுமதித் தடையும் வந்த பிறகுதான் அந்த வேட்டை அடங்கியது. இன்றும் சாரையைக் கொல்வது சட்டப்படி குற்றம்.

ஆகவே பின்னி நிற்கும் பாம்புகளைக் கண்டால் இருபது அடி தள்ளி நில்லுங்கள். நாயைக் கட்டுங்கள். குழந்தைகளைத் தூக்கிக்கொள்ளுங்கள், புதரோரம் நிற்பவரை வெட்டவெளிக்கு வரச் சொல்லுங்கள். படம் எடுப்பதானால் அங்கிருந்தே எடுங்கள். யாருக்காவது கடித்துவிட்டால் கட்டுப் போடாமல், கீறாமல், கடிபட்ட கை காலை அசைக்காமல் அரசு மருத்துவமனைக்கு நேரே கொண்டுபோங்கள்.

சண்டைக்காலம் கழிந்த பின் எருக்குழி கிளறும்போதோ பழைய மட்டைக் குவியலைப் புரட்டும்போதோ தோல்போன்ற ஓடுடைய வெள்ளை முட்டைகள் கிடைக்கலாம். சாரை ஏறக்குறைய ஒரு டஜன் இடும். பொரிக்க ஏறக்குறைய இரண்டு மாதம். நல்ல பாம்பின் முட்டையும் பார்வைக்கு இப்படித்தான் இருக்கும் என்பதால் கையால் எடுக்க வேண்டாம், புரட்டவும் வேண்டாம். கிடந்த நிலை மாறினால் உள்ளே ஒட்டி வளரும் கரு செத்துவிடலாம். இருந்தபடியே மூடிவிட்டு, அந்த மூலையை மட்டும் இரண்டு மாதத்துக்குத் தொடாமல் விட்டு, வனத்துறைக்கு ஒரு தகவல் சொல்லிவிடுங்கள்.