விமான நிலையம் – சொல் விளக்கம்

இலங்கையின் வடக்கே வன்னியில் 'எயார்போட்டுக்குப் போறம்' என்றால் கொழும்புப் பக்கத்துக் கட்டுநாயக்காதான். யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் இருப்பது வெறும் 'பலாலி'. ஆனால் பெயர்ப்பலகைப்படி அது 'யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம்'.

விமானம் வடசொல். 'மா' என்ற வேருக்கு அளத்தல் என்று பொருள். வெளியை அளந்து கடக்கும் தேவர் ஊர்தியும் விமானம், அளந்து கட்டிய கருவறைக் கூரையும் விமானம். தமிழில் கோயிற் பொருளும் இன்றுவரை வழக்கில் இருக்கிறது. பறக்கும் பொருளுக்கு நம்மவர் முதலில் காட்டுவது குபேரனிடம் இராவணன் பறித்த புட்பக விமானத்தை.

இதற்கு நேரான தமிழ் வானூர்தி. ஊர்தல் என்றால் ஏறிச் செல்லுதல். இது நேற்றுச் செய்த சொல்லல்ல. புறநானூற்று 27ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் 'வலவன் ஏவா வானவூர்தி' என்கிறார். வலவன் என்பவன் ஓட்டுபவன். புகழோடு இறந்தவர்கள் ஓட்டி இல்லாத ஊர்தியில் மேலுலகம் போவார்களாம். ஓட்டி இல்லாத ஊர்தியை வன்னிச் சனம் போர்க்காலத்தில் தலைக்கு மேலேயே கண்டது. இரைச்சலை வைத்து அதற்கு 'வண்டு' என்று பேர் வைத்தது. குண்டு போட வந்தது இஸ்ரேலில் செய்த 'கிபிர்' விமானம். எபிரேய மொழியில் அது சிங்கக்குட்டி. பங்கருக்குள் ஓடியவர்களுக்கு அந்தப் பொருள் தேவைப்படவில்லை.

'எயார்போட்' என்ற ஆங்கிலச் சொல்லின் பின்பாதிக்குத் 'துறை' என்று பொருள். தமிழ் அதை விட்டுவிட்டு, பஸ் நிலையம் போல 'நிலையம்' என்று எடுத்துக்கொண்டது. படையினருடையது என்றால் 'தளம்'. பலாலி இந்த இரண்டுக்கும் இடையில் போய்வந்த இடம். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய வான்படை அமைத்தது. ஆகவே முதலில் தளம். 1947 டிசம்பரில் இலங்கை விமான நிறுவனமான எயார் சிலோனின் முதற் பறப்பு கொழும்புக்கு அருகே இரத்மலானையிலிருந்து இங்கு இறங்கி, பிறகு சென்னைக்குப் போனது. அப்போது அதைக் காங்கேசன்துறை என்றே சொன்னார்கள். துறை அந்த வழியாக வந்து சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளலாம். உள்நாட்டுப் போர் அதை மறுபடி தளமாக்கியது. வன்னியில் ஒரு தலைமுறைக்கு 'பலாலிப் படைத்தளம்' தவிர வேறு பேர் காதில் விழவில்லை. 2019 ஒக்டோபர் 17இல் பன்னாட்டு நிலையமாகத் திறந்தார்கள். அடுத்த மாதம் சென்னைச் சேவை தொடங்கியது. 2020 மார்ச்சில் கொரோனாவால் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் வந்தது.

இனி 'சர்வதேச'. சர்வம் என்றால் எல்லாம். பல நாடு என்று மட்டும் சொல்லும் 'பன்னாட்டு' அளவாகப் பேசுகிறது. சென்னைக்கு மட்டும் பறந்த நாட்களில் பலாலிக்கு அந்தப் 'பல்'லும் கொஞ்சம் கூடத்தான்.

எழுத்தில் 'பன்னாட்டு வானூர்தி நிலையம்' என்பதே என் தெரிவு. கிளிநொச்சிக் கடைப்பலகைகளில் எழுதி எழுதியே பேக்கரிக்கு 'வெதுப்பகம்' நிலைத்தது. 'வானூர்தி'யும் வன்னிச் செய்திகளில் அன்றாடம் கேட்ட சொல்தான். ரன்வேயை 'ஓடுபாதை' என்க. 'தளம்' படையினருடையதற்கு மட்டும் இருக்கட்டும்.