கடலில் தவறிப்போன வலை: மார்போல் ஒப்பந்தம் மீனவரிடம் கேட்பது என்ன?

கடலடிப் பாறைத் திட்டான பாரில் சிக்கி அறுந்துபோன வலையையும், கிழிந்து பயனற்றுப்போனது என்று கடலிலேயே வீசப்பட்ட வலையையும் சட்டம் ஒன்றாகப் பார்ப்பதில்லை. இந்த வேறுபாடு தெரியாதவர், வலையை இழந்ததை வெளியில் சொன்னால் தன்மேல் குற்றம் வருமோ என்று அஞ்சக்கூடும். அந்த அச்சத்துக்கு விதியில் இடமில்லை.

கப்பல்களால் கடல் மாசுபடுவதைத் தடுக்கும் மார்போல் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தில், குப்பைகளைப் பற்றிய ஐந்தாம் இணைப்புதான் இதற்கு அடிப்படை. 1988 டிசம்பர் 31 முதல் நடைமுறையில் இருக்கும் இந்த இணைப்பு, விரிவாகத் திருத்தப்பட்டு 2013 ஜனவரி 1 முதல் புதிய வடிவில் செயல்படுகிறது. இந்தியாவும் இதில் சேர்ந்துள்ளது. இது சரக்குக் கப்பல்களுக்கு மட்டும் உரியதன்று. மீன்பிடிக் கலங்களும் இதன் வரம்புக்குள் வருகின்றன.

எந்த வகைப் பிளாஸ்டிக்கையும் கடலில் கொட்டக்கூடாது என்பது இதன் முதன்மையான தடை. நைலான் வலை, ஒற்றை இழையாலான தங்கூசி வலை, செயற்கை இழைக் கயிறு ஆகிய அனைத்தும் பிளாஸ்டிக் என்றே கருதப்படுகின்றன. ஆகவே, படகில் அமர்ந்து கிழிசலைச் சரிசெய்யும்போது வெட்டி எடுக்கும் சிறு துண்டுகளையும் கடலில் தள்ளிவிட அனுமதி இல்லை. ஒரு சாக்குப்பையைப் படகில் கட்டி வைத்து, அந்தத் துண்டுகளைக் கரைக்குக் கொண்டுவந்தாலே விதியின் இந்தப் பகுதி நிறைவேறிவிடும். மீண்டும் எடுக்கும் எண்ணத்தோடு வலையையோ மீன் பிடிக்கும் கூட்டையோ கடலில் இறக்கி வைப்பது கொட்டுவதாகாது.

தடைக்கு இரண்டு விலக்குகள் உண்டு. நியாயமான முன்னெச்சரிக்கைகள் அனைத்தையும் எடுத்திருந்தும் வலை தற்செயலாகத் தவறிப்போனால், அது மீறலாகாது. படகின் பாதுகாப்புக்காகவோ, அதில் இருப்பவர்களின் உயிரைக் காக்கவோ, கடற்சூழலைக் காக்கவோ வலையை வெட்டிவிட நேர்ந்தாலும் அது குற்றமன்று. கொந்தளிக்கும் கடலில் படகை உந்தும் காற்றாடியில் வலை சுற்றிக்கொண்டு படகு கவிழும் நிலை வந்தால், வலையின் விலையைக் கணக்கிட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டாம். உயிர்தான் முதலில் என்பதை விதியே ஏற்றுக்கொள்கிறது.

விலக்கு இருந்தாலும் ஒரு கடமை எஞ்சுகிறது. தவறிய வலை கடற்சூழலுக்கோ கப்பல் போக்குவரத்துக்கோ கணிசமான ஆபத்தாக அமையுமானால், படகு பதிவான நாட்டுக்கும், அந்தக் கடற்பகுதி வேறொரு நாட்டின் அதிகாரத்துக்கு உட்பட்டதாக இருந்தால் அந்த நாட்டுக்கும் தெரிவிக்க வேண்டும். ஒரு முழம் வலை அறுந்ததற்கெல்லாம் இது பொருந்தாது. மீனின் செவுள் கண்ணியில் மாட்டும்படி விரிக்கும், பல துண்டுகளைச் சேர்த்துக் கட்டிய செவுள் வலை மொத்தமாகப் போய்விட்டாலோ, மன்னார் வளைகுடா போன்ற பவளப்பாறைப் பகுதியில் வலை சிக்கிக்கொண்டாலோ, தெரிவிப்பதே சரி என்பது என் கருத்து. நைலான் எளிதில் மட்குவதில்லை. ஆளில்லாத அந்த வலையில் மீனும் நண்டும் ஆமையும் தொடர்ந்து சிக்கிச் செத்துக்கொண்டே இருக்கும்; யாருடைய வீட்டுக்கும் பயன்படாமல் அழியும் அந்த மீன், நாளை இதே மீனவர்கள் பிடித்திருக்க வேண்டிய மீன்.

என்னென்ன தெரிவிக்க வேண்டும் என்பதற்கு, ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பின் மீன்வளக் குழு 2018 ஜூலையில் ஏற்றுக்கொண்ட, மீன்பிடிக் கருவிகளுக்கு அடையாளமிடுவது பற்றிய வழிகாட்டு நெறிகள் உதவுகின்றன. வலையின் வகை, அளவு, தவறிய இடம், நேரம், ஆழம், காரணம், அப்போதைய வானிலை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டால் போதுமானது. இந்த நெறிகள் கட்டாயமானவை அல்ல. ஐரோப்பிய ஒன்றியமோ ஒருபடி மேலே சென்று, படகில் மீட்புக் கருவி இருக்க வேண்டும் என்றும், தவறிய வலையை மீட்க முதலில் முயல வேண்டும் என்றும், முடியாவிட்டால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்றும் 2009ஆம் ஆண்டிலேயே சட்டமாக்கியது. சிறு படகுகளுக்கு மீட்புக் கருவி விஷயத்தில் விலக்கு அளிக்கவும் இடம் வைத்தது. கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கும் பாதாளக்கரண்டியைப் போன்ற, கயிற்றில் கட்டிய கொக்கிகள்தான் அத்தகைய மீட்புக் கருவிகளில் எளியவை.

'நியாயமான முன்னெச்சரிக்கை' என்பதில்தான் தடுப்பு முறைகள் அனைத்தும் அடங்குகின்றன. வலையின் இரு முனைகளிலும் கொடியுள்ள மிதவையும், இரவில் விளக்கும் இருந்தால், மற்றப் படகுகள் அதன்மேல் ஏறிச் செல்வதைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். மிதவையில் படகின் பதிவு எண்ணை எழுதி வைத்தால், கண்டெடுத்தவர் உரியவரிடம் சேர்க்க முடியும். வலை இறக்கிய இடத்தை ஜிபிஎஸ் கருவியில் குறித்துக்கொள்வதும், புயல் எச்சரிக்கை வந்தவுடன் வலையைக் கரையேற்றுவதும், தேய்ந்த கயிற்றை அறுவதற்கு முன்பே மாற்றுவதும் செலவு குறைந்தவை. செவுள் வலையும் விசைப்படகுகள் இழுத்துச் செல்லும் இழுவை மடியும் ஒரே இடத்தில் மோதும்போது இழப்பு நேர்கிறது. தமிழ்நாட்டில் கரையிலிருந்து குறிப்பிட்ட தொலைவு வரை விசைப்படகுகள் மீன்பிடிக்கக்கூடாது என்ற விதியை மதித்தால் நாட்டுப்படகு வலைகள் பல தப்பும்.

கரைக்கு வந்த பழைய வலைக்கும் ஒரு போக்கிடம் வேண்டும். துறைமுகங்களில் கழிவைப் பெற்றுக்கொள்ளும் வசதியை ஏற்படுத்துவது, ஐந்தாம் இணைப்பின்படி அரசின் கடமை. சென்னை காசிமேட்டில் பழைய வலைகளை எடைக்கு விலை கொடுத்து வாங்கும் முயற்சியைத் தமிழ்நாடு அரசு தொடங்கியிருக்கிறது. உங்கள் துறைமுகத்தில் அப்படியொரு வசதி இல்லையென்றால், அதை மீன்வளத் துறையிடம் கேட்டுப் பெறும் உரிமை உங்கள் சங்கத்துக்கு உண்டு.