ஊர்வு: சுட்ட கல்லும் மெல்ல வளையும்

பாலக்காட்டுப் பக்கத்துக் கஞ்சிக்கோட்டு ரோலிங் மில்களில் இரும்பைச் சிவக்கக் காய்ச்சும் ஃபர்னஸ் உள்ளே சுமார் 1,200 டிகிரி செல்சியஸ் இருக்கும். அதன் கூரை தீச்செங்கல் வளைவு என்றால், நாள்பட நாள்பட நடுவில் இறங்கும். கல் உடைந்திருக்காது, உருகியும் இருக்காது. கோயம்புத்தூர்க்காரர் ‘கல்லு தொங்கிருச்சு’ என்பார். கூட நிற்கும் பாலக்காட்டுக்காரர் ‘தூங்ஙி’ என்பார். (தூங்குதலுக்குத் தொங்குதல் என்ற அந்தப் பழைய பொருள் நம்மிடம் தூக்கணாங்குருவியில் மிஞ்சியிருக்கிறது.) இன்ஜினியர் ரிப்போர்ட்டில் அது ‘க்ரீப்’.

ஆங்கிலத்தில் க்ரீப் என்றால் தரையோடு தரையாக ஊர்ந்து போவது. பொருளறிவியலில், தாங்கக்கூடிய சுமையே விடாமல் அழுத்திக்கொண்டிருக்க, சூட்டில் பொருள் கொஞ்சம் கொஞ்சமாக, மீளாதபடி உருமாறுவது. தீச்செங்கல் போன்ற செராமிக் குளிர்ந்திருக்கும்போது வளையாது, சட்டென்று உடையும். உருகுநிலையைக் கெல்வினில் எடுத்து அதில் ஏறத்தாழ பாதியைத் தாண்டினால் கதை மாறும். அலுமினாவுக்கு (அலுமினியம் ஆக்சைடு) அது சுமார் 900 டிகிரி செல்சியஸ்.

கல்லுக்குள் இருப்பவை நுண்ணிய படிக மணிகள். அழுத்தம் விழும் முகத்திலிருந்து அணுக்கள் விலகி, இழுபடும் முகத்துக்குப் போய்ச் சேரும். மணி ஒரு பக்கம் தட்டையாகி மறுபக்கம் நீளும். அணுக்கள் மணியின் உடலுக்குள்ளேயே போவதை விஞ்ஞானிகள் நபாரோ 1948இலும் ஹெரிங் 1950இலும் விளக்கினார்கள். மணிகளின் எல்லையோரமாகப் போவதை 1963இல் கோபிள் விளக்கினார். கோபிள் கணக்கில் மணியின் அளவு பத்தில் ஒன்றானால் ஊரும் வேகம் ஆயிரம் மடங்கு! சாதாரண நிலையில் உறுதி தரும் நுண்மணி, உலைச்சூட்டில் நம் காலை வாருகிறது. தீச்செங்கல்லில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. களிமண்ணில் கலந்திருக்கும் சோடா, பொட்டாஷ், இரும்பு எல்லாம் சேர்ந்து மணிகளுக்கிடையே கண்ணாடிப் பசையாகின்றன. சூட்டில் பசை இளக, மணிகள் வழுக்குகின்றன.

க்ரீப்பைத் தமிழில் தவழ்வு, நகர்வு, தொய்வு என்றெல்லாம் சொல்லலாம். தவழ்வு குழந்தைக்கே இருக்கட்டும். நகர்வு என்றால் கல் இடம்பெயர்ந்ததாகிவிடும். தொய்வு கண்ணுக்குத் தெரியும் விளைவு மட்டும். சுமைதாங்கும் தூண் குட்டையாவதும் க்ரீப்தான், அங்கே தொய்வே கிடையாது. ஊர்வுதான் சரி. ஊர்வு வீதம், ஊர்வு எதிர்ப்பு என்று அடுத்த சொல்லோடும் இழையும். எழுதும்போது ‘ர்’ முக்கியம். ‘ற’ வந்தால் ஊறுகாய்ச் சமாச்சாரமாகிவிடும்.