அந்த மலிவான பேஸ் கிட்டாரை விற்பதற்கு முன்

கிட்டார் பழுதுபார்க்கும் என்னிடம் இந்த மாதத்தில் வந்தவர்களில் இவர் நான்காவது ஆள். இருபது வயதுக்குள்தான் இருக்கும். கையில் புத்தம்புதுப் பெட்டி. பெட்டிக்குள் கடனில் வாங்கிய பேஸ் கிட்டார், அடிநாதம் தரும் நான்கு தந்திக் கருவி. புதுப்பொருள் வாங்கியவர் முகத்தில் இருக்க வேண்டிய களை மட்டும் இல்லை. “அண்ணா, இதிலும் அதே ஜிர்ரென்ற சத்தம் வருகிறது” என்றார்.

‘இதிலும்’ என்ற அந்த ஒரு சொல்லில் என் பொறுமை போய்விட்டது.

பழையது எங்கே என்று கேட்டேன். விற்றுவிட்டாராம். கைப்பேசியில் படம் காட்டினார்: பச்சை நிறம், அடிமுனையில் ஒரு சிராய்ப்பு, மற்றபடி ஒரு குறையும் தெரியவில்லை. “அது மலிவானதுதானே அண்ணா, அதில் எப்படி நல்ல ஒலி வரும்?”

புதியதை மேசையில் கிடத்திப் பார்த்தேன். கழுத்தில் இருக்க வேண்டிய சிறு வளைவு இல்லை. விறைத்துப்போய்க் கிடந்தது. கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டிகளான ஃப்ரெட்டுகளில் முதல் நான்கைந்தில் தந்திகள் உரசிக்கொண்டிருந்தன. கழுத்துக்குள் ஓடி அதன் வளைவைக் கட்டுப்படுத்தும் உலோகக் கம்பியான டிரஸ் ராடைக் கால் சுற்று தளர்த்தினேன். தந்திகளின் அடிமுனையைத் தாங்கும் சேடில்களில் இரண்டைச் சற்றே உயர்த்தினேன். அரை மணி நேரத்தில் பாதிச் சத்தம் போய்விட்டது. மீதிப் பாதி அவருடைய இடது கையில் இருந்தது. விரலை ஃப்ரெட்டை ஒட்டி வைக்காமல், இரண்டு ஃப்ரெட்டுகளுக்கு நட்டநடுவில் வைத்து அழுத்துகிறார். அதைத் திருகிச் சரிசெய்ய என்னிடம் சாவி இல்லை.

‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்று அவரைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் கூடம் உண்மையிலேயே கோணலாகத்தான் இருந்தது. பழையதிலும் அப்படித்தான் இருந்திருக்கும். கோணலை நிமிர்த்துவதற்கு ஆள் இருக்கும்போது வீட்டையே விற்றுவிட்டு வேறு வீடு வாங்கியிருக்கிறார். அந்த வீட்டிலும் கூடம் கோணல். இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லித் தொண்டை வற்றுகிறது: நீங்கள் ‘மலிவு’ என்று பெயர் வைத்திருக்கும் குறை, பத்தில் ஒன்பது முறை, கழுத்தையும் தந்தியையும் சரிப்படுத்தும் செட்டப்பை யாரும் இதுவரை செய்யாத குறை.

விலை கூடினால் ஒலி கூடும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியவில்லை. வயலின் போன்ற கருவிகளில் மரமும் கைத்திறனும் ஒலியையே உருவாக்குகின்றன. அந்த எண்ணத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து பேஸ் கிட்டாரின் மேல் ஏற்றுகிறார்கள். இந்தக் கருவி பிறந்த கதையே வேறு. அமெரிக்கக் கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் 1951-இல் பிரிசிஷன் பேஸை வெளியிட்டபோது அது தொழிற்சாலையில் வரிசையாகச் செய்து தள்ளுவதற்கென்றே வடிவமைத்த பொருள். ஒரு பலகை. அதில் திருகாணிகளால் முடுக்கிய ஒரு கழுத்து. தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் ஒரு பிக்கப், நான்கு முறுக்காணிகள். 1957-இல் பிக்கப்பை இரண்டு துண்டாக்கினார்கள். 1960-இல் அதே நிறுவனத்தின் ஜாஸ் பேஸ் வந்தது. இன்று உலகம் முழுவதும் விற்கும் மலிவான பேஸ் கிட்டார்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு வடிவங்களின் பிள்ளைகள்தான். கழுத்தின் உச்சியில் தந்திகள் பதியும் நட்டிலிருந்து, உடலில் அவை முடியும் பிரிட்ஜ் வரை அதே 34 அங்குல நீளம், அதே போலக் காந்தமும் செப்புக் கம்பிச் சுருளும். கழுத்தை வெட்டுவது இப்போது கணினி இயக்கும் இயந்திரம். முத்திரை மலிவானதா உயர்ந்ததா என்று அந்த இயந்திரத்துக்குத் தெரியாது.

அப்படியானால் கூடுதல் பணம் எங்கே போகிறது? நியாயமாகவே சொல்கிறேன். ஃப்ரெட் முனைகளை ஒருவர் உட்கார்ந்து கையால் தேய்த்து மழுமழுப்பாக்கிய உழைப்புக்குப் போகிறது. வழுக்காத முறுக்காணிகளுக்கும் அழகான மரவரிக்கும் பூச்சுக்கும் போகிறது. முத்திரைக்கும் போகிறது. இவை எல்லாம் நல்லவைதான், நானும் ரசிப்பேன். ஆனால் மேடையில் டிரம்ஸோடு சேர்ந்து ஒலிக்கும்போது உங்கள் மரவரி யார் காதிலும் விழுவதில்லை. நீங்கள் தாளத்துக்கு அரை நொடி முன்னால் ஓடுவது மட்டும் கடைசி வரிசை வரை கேட்கும்.

பெரியவர்கள் என்ன வைத்திருந்தார்கள் என்று கேட்பீர்கள். 1961-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி ஹாஃப்னர் நிறுவனத்தின் வயலின் வடிவ பேஸை வாங்கியதற்குக் காரணம் எளிமையானது: ஃபெண்டர் வாங்க அவரிடம் வசதி இல்லை. அவர் இடதுகைக்காரர். இரண்டு பக்கமும் ஒத்த வடிவம் என்பதால் திருப்பிப் பிடித்தாலும் கோணலாகத் தெரியாது என்பது இன்னொரு காரணம். வசதி வந்த பிறகும் அந்த வகைக் கருவியை அவர் விடவில்லை. அந்த முதல் ஹாஃப்னர் 1972-இல் திருடுபோய், அரை நூற்றாண்டு கழித்துத் திரும்பக் கிடைத்தது. 2024-இல் அது உலகச் செய்தி ஆனது.

அமெரிக்காவின் மோட்டவுன் இசைக்கூடத்தில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனைச் சொன்னால் உடனே ஒருவர் மடக்குவார்: “அவர் தந்தி அறும் வரை மாற்றவே மாட்டாராமே, நீங்கள் மட்டும் வருகிறவர்களிடமெல்லாம் பழைய தந்தியை மாற்றச் சொல்கிறீர்களே?” உண்மைதான். வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றால் மீட்டியே அத்தனை பதிவுகளையும் செய்தவர் அவர். ஆனால் அவர் போட்டிருந்தவை மேற்பரப்பு தட்டையான ஃப்ளாட்வவுண்ட் தந்திகள். முதல் நாளிலேயே மங்கலாக, உருண்டையாக ஒலிப்பவை. ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும். உங்கள் கருவியில் கடையிலிருந்து வந்த, உருண்டைக் கம்பி சுற்றிய ரவுண்ட்வவுண்ட் தந்திகள் இருக்கின்றன. அவற்றின் சுற்றுகளுக்கு இடையே வியர்வையும் அழுக்கும் போய் உட்காரும். கனம் இடத்துக்கு இடம் மாறும். கூர்மை முதலில் போகும், பிறகு சுருதியும் போகும். இரண்டு வருடம் துடைக்காத தந்தியை வைத்துக்கொண்டு ‘பிக்கப் சரியில்லை, மாற்றிக் கொடுங்கள்’ என்று வருபவர்களிடம் நான் பிக்கப்பைத் தொடுவதே இல்லை. தந்தியை மாற்றிக் கொடுப்பேன். ‘அடேயப்பா, புதுப் பிக்கப் அருமை’ என்று சொல்லிவிட்டுப் போனவரும் உண்டு. பிறகு கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன், அவர் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை.

மலிவான கருவியையும் விலை உயர்ந்ததையும் ஒப்பிடும் இணையக் காணொளிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தியை எங்கும் அழுத்தாமல் மீட்டினால் எழும் அடிப்படை அதிர்வெண் 41 ஹெர்ட்ஸ். கைப்பேசியின் நகமளவு ஸ்பீக்கர் அந்த ஆழத்துக்கு இறங்கவே இறங்காது. அதற்கு மேலே எழும் துணை அதிர்வெண்களை வைத்து மூளைதான் மீதியைக் கற்பனை செய்துகொள்கிறது. அதைக் கேட்டுவிட்டு ‘உயர்ந்த விலைக் கருவியில் அடிநாதம் எவ்வளவு செறிவு’ என்று என்னிடம் விளக்குகிறார்கள். நான் தலையாட்டிவிட்டு டீயைக் குடிக்கிறேன்.

மலிவானது எல்லாமே நல்லது என்று நான் சொன்னதாக யாரும் பரப்ப வேண்டாம். சிலவற்றைத் தொடவே கூடாது. கருவியின் அடிப்பக்கத்தைக் கண்ணருகே வைத்து, துப்பாக்கியில் குறிபார்ப்பது போலக் கழுத்தைப் பாருங்கள். முன்னோக்கியோ பின்னோக்கியோ லேசாக வளைந்திருந்தால் கவலை இல்லை, டிரஸ் ராட் அதற்காகத்தான் இருக்கிறது. ஒரு விளிம்பு ஏறி மறு விளிம்பு இறங்கி, துணி பிழிந்தது போல முறுக்கிக்கொண்டிருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். டிரஸ் ராட் இரண்டு பக்கமும் அசையாவிட்டாலும் வேண்டாம். பிறகு நான்கு தந்திகளிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக வாசித்துப் பாருங்கள். விற்பவர் முறைத்தால் முறைக்கட்டும். கரகரக்கும் குமிழ், கேபிள் சொருகும் இடத்தில் தளர்ந்த ஜாக், கையைக் கீறும் ஃப்ரெட் முனை எல்லாம் சிறு வேலைகள், அவற்றுக்காக ஒரு கருவியை ஒதுக்க வேண்டியதில்லை.

வாங்கியதும் செட்டப். நாளைக்கு, அடுத்த மாதம் என்று தள்ளிப்போட வேண்டாம். நீங்களே செய்து பார்க்க விரும்பினால், புதுத் தந்தி போட்டுச் சரியாகச் சுருதி சேர்த்த பிறகு தொடங்குங்கள். முதல் ஃப்ரெட்டிலும் கழுத்து உடலோடு சேரும் இடத்து ஃப்ரெட்டிலும் தடித்த தந்தியை அழுத்திக்கொள்ளுங்கள். எட்டாவது ஃப்ரெட்டின் மேல் விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி, ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர் இருந்தால் போதும். தந்தியின் உயரம் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் 2 முதல் 2.5 மில்லிமீட்டர். டிரஸ் ராடை ஒரு முறைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருகாதீர்கள். இறுக்கமாக இருந்தால் பலத்தைக் காட்டாதீர்கள், அறுந்த டிரஸ் ராடோடு வருபவர்களைப் பார்த்தால் எனக்கே அழுகை வருகிறது. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்திய சுரம், அதே இடத்தில் தந்தியை அழுத்தாமல் மெல்லத் தொட்டு மீட்டும் ஹார்மானிக்கை விட ஏறி ஒலித்தால் சேடிலைக் கழுத்திலிருந்து விலக்கிப் பின்னுக்குத் தள்ளுங்கள். இறங்கி ஒலித்தால் முன்னுக்கு.

வாசித்து முடித்ததும் தந்தியைத் துடையுங்கள். ஒரு பழைய துணி, பத்து நொடி, அவ்வளவுதான். வெயிலில் நிற்கும் காருக்குள் கருவியை விட்டுவிட்டு வராதீர்கள். உள்ளே பேட்டரியில் இயங்கும் ஆக்டிவ் வகையாக இருந்தால், கேபிளைச் சொருகிய நொடியிலிருந்து 9 வோல்ட் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும், வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும். ‘கருவி செத்துவிட்டது’ என்று அழைத்தவர்களில் பலருக்கு நான் செய்த அறுவைசிகிச்சை பேட்டரி மாற்றியதுதான். சாதாரண கிட்டாருக்கான சிறிய ஆம்ப்ளிஃபயரில் பேஸைப் பெரிய ஒலியில் வாசித்து ஸ்பீக்கரைக் கிழிக்காதீர்கள். மெல்லிய ஒலியில் பழக அதுவே போதும், ஹெட்ஃபோனுக்கான சிறிய ஆம்ப் இருந்தால் அதுவும் வேண்டாம். தந்தியைத் தொட்டால் விரலில் சுருக்கென்று மின்சாரம் பட்டால் மட்டும் விளையாடாதீர்கள். உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். அது ஆம்ப்ளிஃபயரிலோ சுவர் இணைப்பிலோ எர்த் சரியில்லாத கோளாறு. உயிர் போகும்.

ஒலியை மாற்றும் பெடல்களைப் பற்றி இன்னொரு நாள் திட்டுகிறேன்.

போன வாரம் பள்ளி மாணவி ஒருத்தி தந்தி மாற்ற வந்தாள். உறையைத் திறந்தால் அதே பச்சை, அடிமுனையில் அதே சிராய்ப்பு. கழுத்து வில்லாக வளைந்திருந்தது, நட்டில் ஒரு பள்ளம் ஆழம் போதாமல் இருந்தது. எல்லாம் சேர்த்து நாற்பது நிமிட வேலை. அவள் உட்கார்ந்து வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது முதலில் சொன்ன அந்தத் தம்பி கேபிள் வாங்க உள்ளே வந்தார். வாசலிலேயே நின்று ஒரு பாட்டு முழுக்கக் கேட்டார். பிறகு அருகில் போய், “இதை எனக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறாயா? நீ கொடுத்ததை விடக் கூடுதலாகவே தருகிறேன்” என்றார்.

அவள் பதில் சொல்லவில்லை. கருவியை உறைக்குள் வைத்து ஜிப்பை மேல்வரை இழுத்து மூடினாள்.